ஓடை மீனும் திணைக் கணக்கும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், தியாகராய நகரில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாக இவ்வட்டத்தின் கூட்டங்களுக்கு வந்து, கடைசி வரிசையில் அமர்ந்து, கவிதைகளைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் வீடு திரும்புகிறவன் நான். முப்பத்தோராண்டுகள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். விழாவில் நீங்களும் ஓர் உரை தர வேண்டும் என்று செயலர் கேட்டபோது, "எனக்குத் தெரிந்தது மீன் ஒன்றுதானே" என்று தப்பிக்கப் பார்த்தேன். "மீன் வராத தமிழ்க் கவிதைத் தொகுப்பு எது ஐயா? நீங்கள் அதையே பேசுங்கள்" என்று அவர் கதவை அடைத்துவிட்டார். ஆகவே மீனைப் பற்றியே பேசுகிறேன். அதிலும், ஒரு மீன் எந்த ஓடையில் வாழும் என்பதை முன்கூட்டியே கணித்துச் சொல்வது எப்படி, அப்படிச் சொல்வதால் யாருக்கு என்ன பயன் என்னும் சிறு பொருளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் நாம் அமர்ந்திருக்கும் இடத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். நூறாண்டுகளுக்கு முன்பு இந்த இடம் ஏரி. மாம்பலத்தையும் நுங்கம்பாக்கத்தையும் மயிலாப்பூர்ப் பக்கத்தையும் தழுவிக் கிடந்த அந்த நீர்ப்பரப்பை வெள்ளையர் 'நீண்ட ஏரி' என்று வரைபடங்களில் எழுதினார்கள். 1923ஆம் ஆண்டையொட்டி அந்த ஏரியின் நீரை வடித்து, மண்ணடித்து, மனை பிரித்து உருவாக்கியதே பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயர் தாங்கிய இந்த நகர். மேற்கு மாம்பலத்தில் இன்றும் 'லேக் வியூ சாலை' என்று ஒரு சாலை இருக்கிறது. அதில் எந்த முனையில் நின்று பார்த்தாலும் ஏரி தெரியாது. ஏரியைப் பார்த்த கண்களும் இன்று இல்லை. பெயர் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இந்தத் தரையின் குணங்களை, அதாவது கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரம், ஏறத்தாழச் சரிவே இல்லாத நிலம், ஐப்பசி கார்த்திகையில் கொட்டும் மழை, ஆண்டு முழுவதும் குறையாத வெப்பம் ஆகியவற்றை ஒரு கணிப்பொறிக்குக் கொடுத்து, "இங்கே எந்த மீன் வாழும்?" என்று கேட்டால், அது தயங்காமல் "வரால் வாழும், கெளுத்தி வாழும்" என்று விடை சொல்லும். அது பொய்யும் அன்று. 2021 நவம்பரில் இந்தத் தெருக்களில் முழங்காலளவு நீர் வந்து நின்றபோது, நிலம் தன் பழைய குணத்தை மறக்கவில்லை என்பதை நாம் அனைவரும் கண்டோம். வாழத் தக்க இடம் என்பது வேறு, வாழும் இடம் என்பது வேறு. இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தை அளப்பதே நான் சொல்ல வந்த அறிவியலின் வேலை.

இந்த அறிவியல் நம் ஊரில் தொடங்கிய கதை, இலக்கிய வட்டத்தார் அறிந்து மகிழத் தக்கது. தென்னிந்திய நன்னீர் மீன்களைப் பற்றி டி. சி. ஜெர்டான் என்னும் மருத்துவர் எழுதிய கட்டுரை 1849இல் வெளிவந்தது. எந்த இதழில் என்று நினைக்கிறீர்கள்? 'மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயன்ஸ்' என்னும் இதழில். சென்னை இலக்கியச் சங்கம் நடத்திய இதழ் அது. 1812இல் தோன்றிய அந்தச் சங்கம் இங்கிருந்து அதிக தூரமில்லாத கல்லூரிச் சாலையில் இன்றும் நூலகமாக நிற்கிறது. இலக்கியத்தையும் மீனையும் ஒரே அட்டைக்குள் வைப்பது அந்தக் காலத்தில் யாருக்கும் வியப்பாக இருக்கவில்லை. ஆகவே நான் இந்த மேடையில் நிற்பதற்கு ஒரு முன்மாதிரி உண்டு என்று சொல்லி என் கூச்சத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்கிறேன்.

அந்தக் கட்டுரையில் காவிரியின் மீனொன்றுக்கு 'அருலியஸ்' என்று ஜெர்டான் பெயரிட்டார். நூறாண்டுக்கும் மேலாகி, 1954இல், ஈ. ஜி. சைலஸ் என்னும் ஆய்வாளர், தாமிரபரணியில் வாழும் அதன் உறவு மீன் வேறு வகையானது என்று கண்டு அதற்குத் தாமிரபரணியின் பெயரையே சூட்டினார். பின்னர் அது தனி இனம் என்று ஏற்கப்பட்டது. 2012இல் இலங்கையைச் சேர்ந்த ரோஹன் பெத்தியகொடவும் அவருடைய தோழர்களும் இந்த உறவுக் கூட்டத்துக்கு உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸின் பெயரால் 'டாக்கின்சியா' என்னும் புதிய பேரினத்தை வகுத்தார்கள். ஆக, இன்று அதன் முழுப் பெயர் 'டாக்கின்சியா தாம்ப்ரபர்ணியை'. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வளர்ந்த ஆண்மீனின் முதுகுத் துடுப்பிலிருந்து கதிர்கள் இழை இழையாக நீண்டு நீரில் அலையும். உலகில் தாமிரபரணியிலும் அதன் கிளையாறுகளிலும் தவிர வேறெங்கும் இல்லாத மீன் அது. அழியும் நிலைக்கு ஆளான உயிர்களின் பன்னாட்டுச் செம்பட்டியலில் இடம் பெற்றிருக்கிறது. நான் இனிச் சொல்லப் போவதில் பெரும்பகுதி இந்த ஒரு மீனைச் சுற்றியது.

இனி, கணிப்பு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். இதைப் புரிந்துகொள்ள நமக்கு வெளிநாட்டு நூல் தேவையில்லை. தொல்காப்பியர் முதற்பொருள் என்று நிலத்தையும் பொழுதையும் வைத்தார். அந்த நிலத்தில் அந்தப் பொழுதில் தோன்றும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை முதலானவற்றைக் கருப்பொருள் என்றார். நிலமும் பொழுதும் தெரிந்தால் அங்கே என்ன உயிர் இருக்கும் என்று சொல்லிவிடலாம், உயிரைச் சொன்னால் நிலத்தை உணர்ந்துகொள்ளலாம் என்பதுதானே அதன் உட்பொருள்? பின்னால் வந்த நாற்கவிராச நம்பி ஒருபடி மேலே போய், நீரையே கருப்பொருளாக்கித் திணைதோறும் வகுத்தார். குறிஞ்சிக்கு அருவியும் சுனையும், முல்லைக்குக் கான்யாறு, மருதத்துக்கு ஆறும் பொய்கையும் கிணறும் என்று அவர் பிரித்ததைப் படிக்கும்போதெல்லாம், ஓர் ஓடை ஆய்வாளரின் குறிப்பேட்டைப் படிப்பது போன்ற உணர்வே எனக்கு எழும். நாங்களும் அப்படித்தான் பிரிக்கிறோம். அருவி விழும் இடம், பாறை மேல் சலசலத்து ஓடும் மெல்லிய நீர், ஆழ்ந்து நிற்கும் கயம், மணற்படுகை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே அளக்கிறோம்.

ஆழ்வார்குறிச்சியில், கடனா நதிக்கரையில், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையத்தில் பணியாற்றிய எம். அருணாசலம், மேற்குத் தொடர்ச்சி மலையின் பத்து ஓடைகளில் இறங்கி, மீன்களோடு அவை வாழும் இடத்தின் அமைப்பையும் சேர்த்துப் பதிவு செய்து, 2000ஆம் ஆண்டில் 'ஹைட்ரோபயாலஜியா' இதழில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். மீனை மட்டும் எண்ணிக் கொண்டு வருவது பழைய வழக்கம். மீன் நின்ற இடத்தையும் எழுதிக்கொண்டு வந்தால்தான், மீன் பார்க்கப்படாத இடத்தைப் பற்றி நம்மால் எதையேனும் சொல்ல முடியும்.

கணிப்பு செய்யும் முறைகள் பல. ஒன்றை மட்டும் விளக்குகிறேன். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேன் எலித்தும் நியூசிலாந்தின் ஜான் லெத்விக்கும் புள்ளியியல் அறிஞர் டிரெவர் ஹேஸ்டியும் 2008இல் எழுதிய ஒரு வழிகாட்டிக் கட்டுரை, நியூசிலாந்தின் விலாங்கு மீனொன்றை எடுத்துக்கொள்கிறது. எந்த ஓடைப் பகுதியில் அது அகப்பட்டது, எங்கே அகப்படவில்லை என்ற பழைய பதிவுகளைக் கணிப்பொறிக்குக் கொடுக்கிறார்கள். கணிப்பொறி சிறு சிறு கேள்விகளைக் கேட்டுக் கொள்கிறது. கோடையில் இங்கே வெப்பம் இவ்வளவுக்கு மேலா, கீழா? கடலிலிருந்து தூரம் எவ்வளவு? நீர் வந்து சேரும் மேல்பகுதியில் இயற்கையான காடு உண்டா? ஒவ்வொரு கேள்வியிலும் கிளை பிரியும். அப்படிப் பிரிந்து பிரிந்து ஒரு சிறு மரம் உண்டாகும். அந்த மரம் எங்கே தவறுகிறதோ அந்தத் தவற்றைத் திருத்த இன்னொரு மரம், அதன் தவற்றைத் திருத்த மற்றொன்று என்று நூற்றுக்கணக்கான சிறு மரங்கள். கடைசியில் எல்லா மரங்களையும் கூட்டிக் கேட்டால், யாரும் கால் வைக்காத ஓடையிலும் அந்த விலாங்கு இருக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று விடை வருகிறது.

அந்தக் கேள்விகளில் இரண்டு என் மனத்தைத் தொட்டவை. ஒன்று, இந்த இடத்திலிருந்து கடல் வரைக்கும் போகும் வழியில் எங்கேனும் செங்குத்தான சரிவு உண்டா என்பது. விலாங்கு கடலில் பிறந்து ஆற்றில் ஏறும் மீன். இடத்தின் அழகு போதாது, வந்து சேரும் வழியும் இருக்க வேண்டும் என்பதை அந்தக் கேள்வி ஒப்புக்கொள்கிறது. மற்றொன்று, இந்தப் பதிவு வலையால் கிடைத்ததா, கூட்டால் கிடைத்ததா, மின்சாரம் பாய்ச்சிப் பிடித்ததா, கண்ணால் கண்டதா என்பது. பிடித்தவனின் முறையையும் கணக்கில் சேர்க்கிறார்கள். ஆய்வாளன் தன் கையையும் சந்தேகிக்க வேண்டும் என்பதே இதன் கருத்து.

வழியைப் பற்றிய கேள்வி நம் பொதிகைக்கு இன்னும் பொருந்தும். அகத்தியமலையின் கிழக்குச் சரிவில் தாமிரபரணி பிறக்கிறது. மேற்குச் சரிவில் நெய்யாறும் கரமனையாறும் பிறந்து கேரளத்துக்குள் இறங்குகின்றன. மலைமுகட்டின் இருபுறமும் உயரம் ஒன்று, பாறை ஒன்று, காடு ஒன்று, குளிர்ச்சி ஒன்று. கட்டம் போட்ட வரைபடத்தில் கணக்கிடும் எளிய முறை ஒன்றுக்கு இந்த மீனின் பதிவுகளைக் கொடுத்தால், நெய்யாற்றின் தலைப்பகுதியையும் அது சிவப்பாக்கிவிடும். ஆனால் மீனுக்குக் கால் இல்லை. ஆயிரத்து எண்ணூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த முகட்டை அது ஏறிக் கடந்ததும் இல்லை. மீனுக்கு உலகம் என்பது பரப்பு அன்று, கிளை விட்ட ஒரு கோடு. ஆகவே மீனைக் கணிப்பவன் நிலப்படத்தை ஒதுக்கிவிட்டு ஆற்றுப்படத்தைக் கையில் எடுக்க வேண்டும். அந்தக் கோட்டில் அணை ஒன்று எழுந்துவிட்டால் மேலே இருப்பது ஒரு குடும்பம், கீழே இருப்பது வேறு குடும்பம். தாமிரபரணிக் கோட்டில் பாபநாசம் மேலணை 1940களிலும், கிளையாறுகளில் மணிமுத்தாறு 1950களிலும், சேர்வலாறு 1980களிலும் எழுந்தன. சமவெளியில் கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். இவை நெல்லையின் நெல்லுக்கு உயிர். அதை மறுப்பவன் அந்த மாவட்டத்தில் சோறு தின்றிருக்க முடியாது. ஆனால் ஆற்றின் கோடு எத்தனை துண்டாகக் கிடக்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டும்.

பொழுதின் செய்தி இன்னும் நுட்பமானது. பெரும்பாலான கணிப்புப் படங்களில் நிலம் இருக்கிறது, பொழுது இல்லை. ஆண்டு முழுவதற்கும் சராசரி வெப்பம், சராசரி மழை என்று ஓர் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். தென்மேற்கும் வடகிழக்கும் ஆகிய இரண்டு பருவமழையும் பெறும் தாமிரபரணிக்குச் சராசரி என்பது ஏமாற்றும் சொல். ஐப்பசியில் பாறையை உருட்டிக்கொண்டு போகும் அதே ஓடை பங்குனியில் நாலைந்து கயங்களாகச் சுருங்கி, கயத்துக்குக் கயம் தொடர்பில்லாமல் கிடக்கும். அந்த நாலைந்து கயம்தான் அந்த மீனின் முழு உலகமும். ஆண்டில் இரண்டு மாதம் அது உயிர் பிழைக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளாமல், மீதிப் பத்து மாதம் அது உலாவும் இடத்தைக் காப்பாற்றி என்ன பயன்? முதற்பொருளில் நிலத்தோடு பொழுதையும் சேர்த்தவர் இதை உணர்ந்திருந்தார் என்று சொன்னால் அது என் தமிழ்ப்பற்று என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துக்கொள்ளுங்கள்.

இனி, நான் சொல்லத் தயங்கிவந்த பகுதி.

1987ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். பொதிகையின் அடிவாரத்தில் சில ஓடைகளில் என்னென்ன மீன் உண்டு என்று பார்க்க இரண்டு மாணவர்களோடு போயிருந்தேன். பேருந்து போகும் சாலைக்குப் பக்கத்தில் இருந்த ஓடைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். மீன் பதிவுகளின் வரைபடத்தை விரித்துப் பார்த்தால், அது பெரும்பாலும் பாலங்களின் வரைபடமாகவே இருக்கும். நாலாவது ஓடைக்குப் போகும்போது மாலை மூன்று மணி. முந்தின இரவு மழை. நீர் கலங்கிப் பெருகியிருந்தது. வழிகாட்ட வந்த காணிப் பெரியவர் ஒருவர், "இப்ப தண்ணி பெருசு சார். அது பாறைக்கு உள்ள போயிரும். பங்குனியில வாங்க, மேல் கசத்துல காட்டுதேன்" என்றார். நான் கேட்கவில்லை. வீச்சுவலையை ஏழெட்டு முறை வீசினோம். அயிரையும் சிறு கெண்டையும் வந்தன. குறிப்பேட்டில் தாமிரபரணி மீனின் பத்தியில், அந்த ஓடைக்கு நேரே, ஒரு சுழியம் எழுதினேன். கடைசிப் பேருந்துக்கு ஓடினோம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஓர் அலுவலகத்திலிருந்து கல்லூரிக்குக் கடிதம் வந்தது. ஐந்து ஓடைகளின் பெயரைக் குறித்து, இவற்றில் கவனிக்கத் தக்க மீன் இனம் ஏதேனும் உண்டா என்று கேட்டிருந்தார்கள். கடிதம் என் மேசைக்கு வந்தது. குறிப்பேட்டைத் திறந்தேன். நாலாவது ஓடைக்கு நேரே 'இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அவ்வளவு பேர் கையொப்பமிட்ட அந்தக் கோப்பில் என் கையொப்பம் ஒன்றுக்குத்தான் மீனைப் பற்றிப் பேசும் தகுதி இருந்தது.

அங்கே தடுப்பணை வந்தது. 1994 பங்குனியில் என் மாணவர் ஒருவர், அப்போது அவர் தாமே ஆசிரியர், அந்தப் பக்கம் போனவர் எனக்கு எழுதினார்: அணைக்கு மேலே வண்டல் நிறைந்து கிடக்கிறது, கீழே கல் காய்ந்து கிடக்கிறது, அதற்கும் மேலே ஒரு சிறு கயத்தில் ஒரு சிறுவன் தூண்டிலில் மூன்று மீன் பிடித்து வைத்திருந்தான், ஒன்றின் முதுகுத் துடுப்பில் இழை இழையாகக் கதிர்கள் இருந்தன என்று. அடுத்த ஆண்டு நானும் போனேன். அந்தக் கயமும் மண் மூடியிருந்தது. பெரியவரைத் தேடினேன். அவர் காலமாகியிருந்தார்.

தடுப்பணையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கீழே ஊர் இருக்கிறது, கிணறு வற்றுகிறது. இரண்டு பர்லாங் கீழே, பாறைக்கட்டுக்கு அடியில், அதே அணையை அதே செலவில் கட்டியிருக்கலாம். மேலே இருந்த கயங்கள் அப்படியே இருந்திருக்கும். அங்கே கட்டக் கூடாது என்று சொல்வதற்கு அந்தக் கோப்பில் ஒரு வரி தேவைப்பட்டது. அந்த வரி எழுதப்பட வேண்டிய இடத்தில் என் சுழியம் உட்கார்ந்திருந்தது.

கவிஞர்களாகிய உங்களுக்கு 'இல்லை' என்பதற்கும் 'காணவில்லை' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை. பிள்ளையைத் தொலைத்த தாய் எந்தச் சொல்லைச் சொல்வாள் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் எங்கள் துறையின் அட்டவணைகளில் நெடுங்காலம் இரண்டுக்கும் ஒரே சுழியம்தான். அமெரிக்காவில் தேரை, தவளைக் கணக்கெடுப்பை வைத்து மெக்கன்சியும் அவருடைய தோழர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, இந்த இரண்டையும் கணக்கில் பிரித்துக் காட்டும் வழியைப் பரவலாக்கியது. கணக்கு கடினமானதன்று. ஓர் ஓடையில் மீன் இருக்கிறது. ஒருமுறை போனால் அது நம் கண்ணில் படும் வாய்ப்பு நூற்றுக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை போய்த் தவறவிடும் வாய்ப்பு 60. இருமுறையும் தவறவிடும் வாய்ப்பு 36. மும்முறையும் தவறவிட ஏறத்தாழ 22. ஐந்துமுறை போனால் 8க்கும் கீழே இறங்கிவிடும். ஒரே இடத்துக்கு மீண்டும் மீண்டும் போய், கண்டதையும் காணாததையும் வரிசையாக எழுதினால், அந்த வரிசையிலிருந்தே நம் கண்ணின் திறமை எவ்வளவு, மீனின் இருப்பு எவ்வளவு என்று தனித்தனியே பிரித்தெடுக்கலாம். நான் போனது ஒருமுறை. அதுவும் வெள்ளத்தில், மாலையில், பேருந்துக்கு அஞ்சிக்கொண்டு. என் சுழியத்தின் விலை என்ன என்று இப்போது என்னால் கணக்கிட முடிகிறது. அன்று முடியவில்லை, அல்லது முயலவில்லை.

கணிப்புப் படத்தின் உண்மையான பயனை நான் இங்கேதான் காண்கிறேன். மீன் இங்கே இருக்கிறது என்று அது சத்தியம் செய்வதில்லை. செய்தால் நம்பாதீர்கள். "இந்த ஓடை அந்த மீனுக்கு ஏற்றது, இங்கே யாரும் சரியாகத் தேடவில்லை, முதலில் இங்கே தேடுங்கள், தேடும் வரை கல்லை அசைக்காதீர்கள்" என்று சொல்வதே அதன் வேலை. மேற்குத் தொடர்ச்சி மலையின் நன்னீர் மீன்களைப் பற்றி 2011இல் வெளிவந்த பன்னாட்டு மதிப்பீடு 290 இனங்களை ஆராய்ந்தது. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை இந்த மலைத்தொடருக்கே உரியவை. அத்தனை இனத்துக்கும் அத்தனை ஓடையிலும் ஐந்துமுறை இறங்கித் தேட ஆளும் இல்லை, காசும் இல்லை. எங்கே முதலில் போவது என்று சொல்ல ஏதேனும் ஒன்று வேண்டும். வழக்கமாக அதைச் சொல்வது பேருந்து நிலையம். அதைவிடக் கணிப்பொறி மேல்.

மறுபக்கத் தவறும் உண்டு. எச்சரிக்கை என்ற பெயரில் காடு முழுவதையும் சிவப்பாகத் தீட்டிய படத்தை ஒரு வன அலுவலரிடம் கொடுத்தால், அவர் அதைச் சுருட்டி அலமாரிக்குள் வைத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எல்லாம் முக்கியம் என்று சொல்வதும் எதுவும் முக்கியமில்லை என்று சொல்வதும் கோப்பில் ஒன்றுதான்.

காவிரியின் கதையையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பெயரைப் பற்றியது. காவிரியின் திமில் கொண்ட பெரிய மஹசீர் மீனைப் பற்றிச் சென்னை மாகாண அதிகாரியாக இருந்த எச். எஸ். தாமஸ் 1873இலேயே தம் தூண்டில் நூலில் எழுதினார். உலகெங்கும் இருந்து தூண்டிலோடு வந்தவர்கள் அதைத் தேடினார்கள். ஆனால் அதன் சரியான அறிவியற்பெயர் எது என்பது 2018இல்தான் தெளிவாயிற்று. கேரளத்திலிருந்து தமிழகத்துக்குள் ஓடிவரும் பாம்பாற்றில் கிடைத்து ஏற்கெனவே பெயரிடப்பட்டிருந்த 'டோர் ரெமாதேவியை' என்னும் மீனும் இதுவும் ஒன்றே என்று அப்போதுதான் நிறுவினார்கள். நீலகிரியின் மாயாறு அதன் கடைசிப் புகலிடங்களுள் ஒன்று. அது மிகவும் அருகிவிட்ட இனம். பெயர் தெளிவில்லாத அந்தப் பல பத்தாண்டுகளில், மஹசீரைக் காப்பாற்றுகிறோம் என்ற நல்லெண்ணத்தோடு, வேறு வட்டாரத்தைச் சேர்ந்த மற்றொரு மஹசீரின் குஞ்சுகளை இலட்சக்கணக்கில் காவிரியில் விட்டார்கள். வந்த மீன் பெருகியது, சொந்த மீன் சுருங்கியது. பெயர் தவறினால் பதிவு தவறும், பதிவு தவறினால் படம் தவறும், படம் தவறினால் நல்லெண்ணமும் கெடுதல் செய்யும். ஒரு நிலத்தின் பூவும் புள்ளும் வேறு நிலத்தில் வந்தால் வந்த நிலத்தின் பயனாகவே கொள்ளலாம் என்று இலக்கணம் கவிஞர்க்கு இசைவு தருகிறது. 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை இன்று நம் குளங்களில் செய்வதைப் பார்த்தால், ஆறுகளுக்கு அந்த இசைவைத் தராதிருப்பது நல்லது என்றே தோன்றுகிறது.

இன்னொன்றையும் கவிஞர்களிடம் முறையிட வேண்டும். நம் பாட்டில் நீந்தும் மீன்கள் பெரும்பாலும் மருதத்து மீன்கள். கயல், சேல், வாளை, வரால், கெண்டை எல்லாம் வயலும் வாய்க்காலும் பொய்கையும் சார்ந்தவை. மலையோடையின் பாறையில் வாயால் பற்றிக்கொண்டு பாசி மேயும் சிறு மீனுக்கு, 1954இல் அதே சைலஸ் பொதிகைப் பகுதியிலிருந்து ஒரு புதிய இனத்தைச் சேர்த்தாரே, அதற்கு, நம் கவிதையில் இடமில்லை. மலையில் இருப்பவர்கள் வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டு எழுதிவைத்தவர்களும் குறைவு. நான் அந்தப் பெரியவரிடம் அந்த மீனின் பெயரைக் கேட்டிருக்கலாம். வலை எங்கே வீசலாம் என்று மட்டும் கேட்டேன்.

இந்தச் சித்திரையில் வட்டத்தார் பாபநாசம் போகத் திட்டமிட்டிருப்பதாகச் செயலர் சொன்னார். அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் எல்லை. வலையும் தூண்டிலும் எடுத்துப்போகக் கூடாது, வேண்டியதும் இல்லை. வனத்துறையினர் அனுமதிக்கும் இடத்தில் நின்று, காலை எட்டு மணிக்குள், நீர் தெளிந்திருக்கும்போது, ஒரு கயத்தை அரை மணி நேரம் அசையாமல் பாருங்கள். இடம், நாள், மணி, நீரின் நிலை ஆகியவற்றோடு கண்டதை எழுதுங்கள். ஒன்றும் தென்படாவிட்டால் 'காணவில்லை' என்று எழுதி, எத்தனை நிமிடம் பார்த்தீர்கள் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொண்டு வாருங்கள். என் குறிப்பேட்டில் அதற்கென்று ஒரு பத்தி இப்போது இருக்கிறது. நானும் உங்களோடு வருகிறேன், முழங்கால் இடங்கொடுத்தால்.